ஒரே மனிதரின் மூளைத் துலங்கலை நம்பும்படி அளப்பது எப்படி?

இருபது பேரின் மூளையை ஸ்கேன் செய்து சராசரி எடுத்தால் தெளிவான படம் ஒன்று கிடைத்துவிடும். அந்த இருபது பேரில் ஒருவரை மட்டும் அடுத்த வாரம் மீண்டும் அழைத்து, அதே ஸ்கேனரில் படுக்க வைத்து, அதே பணியைக் கொடுத்தால் அவருடைய முதல் படமே திரும்ப வருமா என்பது வேறு கேள்வி. பல ஆண்டுகள் இந்த இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்கவே இல்லை. செயல்பாட்டு காந்த ஒத்ததிர்வுப் படிமம், அதாவது எஃப்எம்ஆர்ஐ, கொண்டு செய்யப்பட்ட 90 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த ஒரு தொகுப்பாய்வு 2020இல் வெளியானது. ஒரே ஆட்களை இருமுறை அளந்தபோது கிடைத்த நம்பகத்தன்மையின் சராசரி, 0 முதல் 1 வரையிலான அளவுகோலில், 0.397 மட்டுமே என்று அது காட்டியது. வழக்கமான தர வரிசையில் 0.4க்குக் கீழே இருப்பது மோசம் என்று கொள்ளப்படும்.

இதைப் படித்துவிட்டு, ஸ்கேனரால் தனிமனிதர்களைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்ற முடிவுக்கு வருவது அவசரம். சோதனையை அமைக்கும்போதே தனிமனிதரை மனத்தில் வைத்து அமைத்தால், ஒரே ஆளிடமிருந்து மிகவும் சீரான துலங்கலைப் பெற முடியும். அதைச் செய்யும் வழிகளையும், செய்ததாக நினைத்து ஏமாந்துபோகும் இடங்களையும் இங்கே விளக்குகிறேன்.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

‘சீரான துலங்கல்’ என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஒரே ஆள் ஒரே தூண்டலை எத்தனை முறை கண்டாலும் அவருடைய மூளை ஒரே விதமாகத் துலங்குகிறதா என்பது. மற்றொன்று, பலரை ஏறுவரிசையில் நிறுத்தினால், மறுமுறை அளக்கும்போதும் அதே வரிசை கிடைக்கிறதா என்பது. முதலாவதற்கு ‘ஆம்’ என்று விடை வந்தும் இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று வரலாம்.

உடல் வெப்பநிலையை எண்ணிப் பாருங்கள். நல்ல வெப்பமானி ஒன்றைக் கொண்டு ஆரோக்கியமான முப்பது பேரை இன்றும் நாளையும் அளந்தால், ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 37 டிகிரியே இருமுறையும் காட்டும். ஆனால் இன்றைய வரிசைக்கும் நாளைய வரிசைக்கும் ஒட்டுறவு, அதாவது இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண், பார்த்தால் மிகக் குறைவாகவே இருக்கும். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு மிகச் சிறியதாக இருப்பதால், சிறு ஏற்ற இறக்கமும் வரிசையைக் குலைத்துவிடுகிறது. இதற்கு வெப்பமானியைக் குறை சொல்ல முடியாது. நிறப்பெயர் ஒன்று வேறு நிற மையில் எழுதப்பட்டிருக்க, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் ஸ்ட்ரூப் போன்ற, உளவியலில் பெயர் பெற்ற பணிகளிலும் இதே நிலைதான் என்பது 2018இல் விரிவாகக் காட்டப்பட்டது. எல்லோரிடமும் தவறாமல் விளைவைத் தருகிற பணி என்பதாலேயே அவை புகழ்பெற்றன. எல்லோரிடமும் ஒரே அளவில் விளைவு தருவதாலேயே ஆட்களைப் பிரித்துக் காட்ட அவை உதவுவதில்லை.

ஆகவே நீங்கள் தேடுவது எது என்பதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு நோயாளியின் மொழிப் பகுதி எங்கே இருக்கிறது என்று அறிவது முதல் வகைக் கேள்வி. யாருக்கு மனச்சோர்வு வரக்கூடும் என்று முன்கூட்டிச் சொல்ல முயல்வது இரண்டாம் வகை. பணித் தேர்வு, ஆட்களின் எண்ணிக்கை, கணக்கிட வேண்டிய எண் ஆகிய மூன்றும் இதைப் பொறுத்தே மாறும்.

எதை அளக்கிறோம்

1990இல் செய்ஜி ஒகாவாவும் அவருடைய குழுவினரும் விளக்கிய முறையில், ஸ்கேனர் பதிவு செய்வது நரம்பணுக்களின் மின்துடிப்பை அன்று. அவற்றைச் சூழ்ந்த இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினுக்கும் இடையிலான விகித மாற்றத்தையே அது பதிவு செய்கிறது. தூண்டல் வந்து ஐந்தாறு விநாடிகள் கழித்தே இந்த மாற்றம் உச்சத்தைத் தொடும். அடங்குவதற்குப் பதினைந்து இருபது விநாடிகள் ஆகும். காந்தப்புல வலிமை 3 டெஸ்லா உள்ள சாதாரண ஸ்கேனரில் பல பணிகளில் இந்த மாற்றம் ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஒரே ஒரு தடவை தூண்டிவிட்டுப் பார்த்தால் இரைச்சலை, அதாவது தூண்டலோடு தொடர்பில்லாத ஏற்ற இறக்கத்தைத்தான் பெரும்பாலும் காண்போம்.

இதிலிருந்து பலர் கவனிக்கத் தவறும் ஓர் உண்மை பிறக்கிறது. ஒருவரின் துலங்கல் மற்றவரைவிடப் பெரிதாக இருப்பதற்குக் காரணம் அவருடைய நரம்பணுக்களாக இல்லாமல் இரத்தக் குழாய்களாக இருக்கலாம். வயது ஏற ஏறக் குழாய்களின் நெகிழ்வு குறையும். காப்பியில் உள்ள கஃபீன் மூளையின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். குழாய்களின் இயல்பு ஆளுக்கு ஆள் நிலையாக வேறுபடுவதால், மிக உயர்ந்த நம்பகத்தன்மையோடு நாம் அளந்திருப்பது குழாய்களை மட்டுமே என்றும் ஆகிவிடக்கூடும். ஒரே ஆளின் ஒரே பகுதியில் இரண்டு பணிகளுக்கான துலங்கல்களை ஒப்பிட்டு, அந்த ஒப்பீட்டை ஆட்களுக்கிடையே எடுத்துச் சென்றால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். மூச்சைச் சில விநாடிகள் அடக்கச் சொல்லி, அதனால் எழும் மாற்றத்தைத் தனியே அளந்து, அதைக் கொண்டு திருத்துவதும் ஒரு வழி.

பணியைத் தேர்ந்தெடுத்தல்

தனிமனிதரிடம் வலுவான துலங்கல் வேண்டுமென்றால், புதுமையான பணியைவிட எளிய, வேறுபாடு கூர்மையான பணியே சிறந்தது. நான்சி கான்விஷர் குழுவினர் 1997இல் முகங்களையும் பொருள்களையும் மாற்றி மாற்றிக் காட்டி, முகங்களுக்குக் கூடுதலாகத் துலங்கும் பகுதி ஒன்றை 15 பேரில் 12 பேரிடம் தனித்தனியே கண்டனர். அந்தப் பகுதியின் சரியான இடம் ஆளுக்கு ஆள் சில மில்லிமீட்டர் தள்ளியிருப்பதால், எல்லோருடைய மூளைகளையும் ஒரே வார்ப்பில் பொருத்திச் சராசரி எடுத்தால் அது மங்கிப் பரவிவிடும். ஒவ்வொருவருக்கும் அவருடைய மூளையிலேயே இடத்தைக் குறித்தால் அந்தக் கூர்மை தப்பிப் பிழைக்கும். மொழிப் பகுதிகளுக்கும் இதே உத்தி 2010இல் கையாளப்பட்டது: ஒரு பக்கம் பொருளுள்ள வாக்கியங்கள், மறுபக்கம் உச்சரிக்க முடிந்தும் பொருளில்லாத எழுத்துக் கோவைகள்.

இடத்தைக் குறிப்பதே நோக்கமாக இருந்தால், ஒரே வகைத் தூண்டலைப் பதினாறு அல்லது இருபது விநாடிகள் தொடர்ந்து காட்டிவிட்டு அடுத்த வகைக்கு மாறும் கட்ட அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்; ஒரு நிமிடத்தில் கிடைக்கும் தகவல் அதில்தான் மிகுதி. தனித்தனிப் படங்களுக்கான துலங்கல் வேண்டுமென்றால் மட்டும் தனி நிகழ்வு அமைப்புக்குப் போகலாம். எதுவானாலும், பங்கேற்பவர் விழித்துக் கவனிக்கிறார் என்பதற்கு அவ்வப்போது ஒரு பொத்தானை அழுத்தும் எளிய வேலையைச் சேர்த்துவிடுங்கள். ஸ்கேனருக்குள் ஓய்வாகப் படுத்திருந்தவர்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்தபோது, மூன்றில் ஒரு பங்கினர் மூன்று நிமிடங்களுக்குள்ளேயே விழிப்பு நிலையிலிருந்து நழுவியது தெரியவந்தது. அரைத்தூக்கத்தில் இருக்கும் மூளையிடம் சீர்மையை எதிர்பார்ப்பது வீண்.

மறுமுனையில் பழகிப்போதல் என்ற சிக்கல் உண்டு. அச்சம் தோய்ந்த முகங்களைத் திரும்பத் திரும்பக் காட்டினால், உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவின் துலங்கல் படிப்படியாகக் குறையும். இத்தகைய பணியில் முதல் பதிவும் கடைசிப் பதிவும் ஒத்துப்போகவில்லை என்றால் பழி கருவியின் மீது விழக்கூடாது. பதிவுகளை வந்த வரிசையிலேயே வரைந்து பாருங்கள்: ஒரே திசையில் சரிந்தால் பழகிப்போதல், ஒழுங்கின்றி ஏறி இறங்கினால் இரைச்சல்.

எவ்வளவு தரவு போதும்

வழிகாட்டி நூல்கள் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் ‘எத்தனை பேர்’ என்றே கேட்கும். நமக்கு வேண்டியது ‘ஒருவருக்கு எத்தனை நிமிடம்’ என்பது.

ஸ்கேனர் நிற்காமல் ஐந்து நிமிடம் பதிவு செய்யும் ஒரு பகுதியை ‘ஓட்டம்’ என்று அழைப்போம். ஒருவரிடம் எட்டு ஓட்டங்கள் எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5, 7ஆம் ஓட்டங்களின் சராசரியையும் 2, 4, 6, 8ஆம் ஓட்டங்களின் சராசரியையும் ஒப்பிட்டால் ஒட்டுறவு 0.5 வருகிறது. இது பாதித் தரவின் நம்பகத்தன்மை. முழுத் தரவுக்கு எவ்வளவு என்பதை ஸ்பியர்மன்–பிரவுன் சூத்திரம் சொல்லும்: தரவு k மடங்கானால், k ஐ r ஆல் பெருக்கி, அதை 1 + (k − 1) × r என்பதால் வகுக்க வேண்டும். இங்கே k இரண்டு, விடை 0.67. பதினாறு ஓட்டங்கள் எடுத்தால் 0.8 வரை போகும், முப்பத்திரண்டு எடுத்தால் 0.89. உழைப்பு இரட்டிக்கும்போது ஆதாயம் இரட்டிப்பதில்லை என்பதை இந்த மூன்று எண்களே காட்டிவிடும். ஆதலால் இரண்டு மூன்று பேரிடம் முன்னோட்டம் நடத்தி, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே முழுச் சோதனையின் நீளத்தை முடிவு செய்யுங்கள்.

இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் சென்ற தூரம் வியக்க வைப்பது. ரசல் போல்ட்ராக் என்ற ஆய்வாளர் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் தம்மையே மீண்டும் மீண்டும் ஸ்கேன் செய்துகொண்டார். தரவு 2015இல் வெளியானது. 2017இல் வெளியான நள்ளிரவு ஸ்கேன் குழுவின் ஆய்வில் பங்கேற்றவர்கள் வெறும் பத்துப் பேர். ஆனால் ஒவ்வொருவரிடமும் ஓய்வு நிலைப் பதிவு மட்டும் ஐந்து மணி நேரம். ஸ்கேனர் கட்டணம் இரவில் குறைவு என்பதால் நள்ளிரவில் தொடங்கினார்கள். பெயரும் அப்படியே நிலைத்தது. 2022இல் வெளியான இயற்கைக் காட்சிகள் தரவுத் தொகுப்பில் எட்டுப் பேர் 7 டெஸ்லா ஸ்கேனரில் ஆளுக்கு 30 முதல் 40 அமர்வுகள் வரை படுத்து, ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்தார்கள்; ஒவ்வொரு படமும் மும்முறை காட்டப்படும்படி அது திட்டமிடப்பட்டது. மும்முறை காட்டியதுதான் இங்கே முக்கியம். திரும்ப வராத தூண்டலுக்கான துலங்கல் சீரானதா என்பதை நேரடியாகச் சோதிக்க வழியே இல்லை.

எல்லோருக்கும் நாற்பது அமர்வுகள் இயலாது. ஆனால் இரண்டு நாள்களாவது வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஒரே நாளில் எடுத்த இரு பாதிகள் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்துவதற்கு, தலை ஒரே நிலையில் இருந்தது, உடலும் மனமும் ஒரே நிலையில் இருந்தன என்பதுகூடக் காரணமாகலாம். ஆளை எழுப்பி அனுப்பிவிட்டு, மறுநாள் புதிதாகப் படுக்க வைத்த பிறகும் நிற்கும் ஒற்றுமைக்கே மதிப்பு.

ஸ்கேனருக்குள்

தலை அசைவுதான் முதல் எதிரி. மூளைப் படத்தின் சிறு கனசதுரத் துண்டுகளான வாக்சல்களை இரண்டு மில்லிமீட்டர் அளவில் வைத்து அளக்கும்போது அரை மில்லிமீட்டர் அசைவும் பொருட்படுத்தத்தக்கது. 2012இல் வெளியான ஆய்வுகள், அதைவிடச் சிறிய அசைவுகளே பகுதிகளுக்கிடையிலான தொடர்புகளைத் திரித்துக் காட்டும் என்பதை நிறுவின. தலையைச் சுற்றிப் பஞ்சணைகளை இறுக்கி வையுங்கள். நெற்றியில் ஒரு நாடாவை ஒட்டி, அதன் இருமுனைகளையும் தலையைச் சூழ்ந்து சமிக்ஞையைப் பெறும் தலைச்சுருளோடு பிணைத்தால், அசைந்தவுடன் தோல் இழுபடுவதைப் பங்கேற்பவரே உணர்வார். நீளமான ஓட்டங்களைவிட, இடையில் ஓய்வுவிட்ட ஐந்தாறு நிமிட ஓட்டங்களே அசைவைக் குறைக்கும்.

பிறகு சலிப்பூட்டும் ஒழுங்குகள்: ஒரே ஸ்கேனர், ஒரே தலைச்சுருள், ஒரே பதிவு அமைப்பு, கூடுமானவரை ஒரே நேரம். முந்தைய இரவு எவ்வளவு தூங்கினார், எப்போது காப்பி குடித்தார் என்பதை ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். மென்பொருள் மேம்படுத்தலை ஆய்வு நடுவே செய்ய வேண்டாம் என்று ஸ்கேனர் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாடித்துடிப்பையும் மூச்சையும் தனிக் கருவிகளால் பதிவு செய்தால், அவற்றால் எழும் இரைச்சலைப் பின்னர் கழிக்க முடியும். கண்குழிக்கு மேலேயும் காதுக்கு அருகிலும் காற்றறைகள் இருப்பதால் அங்குள்ள மூளைப் பகுதிகளில் சமிக்ஞை சிதையும். உங்கள் ஆர்வம் அங்கே என்றால், ஒரே துடிப்புக்குப் பல எதிரொலிகளைப் பதிவு செய்யும் முறையை முதலிலேயே தேர்ந்தெடுங்கள்.

கணக்கிடும் முன்

ஒரே தரவை எழுபது ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து, அதே ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்ன ஆய்வு 2020இல் வெளியானது. எந்த இரண்டு குழுக்களும் ஒரே பகுப்பாய்வு வழியைப் பின்பற்றவில்லை; சில கருதுகோள்களில் முடிவுகளும் பெரிதும் பிரிந்தன. ஆகவே வழியை முன்கூட்டி எழுதிப் பதிந்துவிட்டு, எல்லா ஆட்களுக்கும் எல்லா நாள்களுக்கும் அதையே இயக்குங்கள். எஃப்எம்ஆர்ஐபிரெப் போன்ற திறந்த மென்பொருள்கள் அசைவுத் திருத்தத்தையும், ஒவ்வொருவரின் உடற்கூற்றுப் படத்தோடு பொருத்துவதையும் ஒரே சீராகச் செய்துதரும். படத்தை மழுக்குவதில், அதாவது அண்டை வாக்சல்களின் மதிப்புகளைக் கலந்து சராசரியாக்குவதில் மட்டும் கைச்சிக்கனம் வேண்டும். குழு ஆய்வில் வழக்கமான எட்டு மில்லிமீட்டர் மழுக்கல், தனிமனிதரின் நுண்ணிய வடிவத்தைக் கரைத்துவிடும். மழுக்காமலோ, மிகக் குறைவாக மழுக்கியோ தொடங்கலாம்.

சீர்மையை எண்ணாக்குதல்

ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒவ்வொரு வகைத் தூண்டலுக்கான துலங்கலைத் தனித்தனியே மதிப்பிடுங்கள். ஒற்றைப்படை ஓட்டங்களை ஒரு பக்கமும் இரட்டைப்படை ஓட்டங்களை மறுபக்கமும் வையுங்கள். ஜேம்ஸ் ஹாக்ஸ்பி குழுவினர் 2001இல் செய்த சோதனையின் சாரம் இதுதான்: ஒரு பக்கத்தில் முகங்களுக்கு எழுந்த வாக்சல் வடிவம், மறுபக்கத்தில் முகங்களுக்கு எழுந்த வடிவத்தோடு ஒத்துப்போகிறதா, அல்லது வீடுகளுக்கோ நாற்காலிகளுக்கோ எழுந்த வடிவத்தோடு ஒத்துப்போகிறதா?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முகம்–முகம் ஒட்டுறவு 0.8 என்று வந்தவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. முகம்–வீடு ஒட்டுறவும் 0.78 இருக்கலாம். பெரிய இரத்த நாளம் ஓடும் வாக்சல் எந்தப் பணிக்கும் பெரிதாகவே துலங்கும். அந்தப் பொது வடிவமே இரண்டு எண்களையும் உயர்த்திக் காட்டுகிறது. எல்லா வகைகளுக்குமான சராசரி வடிவத்தை ஒவ்வொரு பக்கத்திலும் கழித்துவிட்டு மீண்டும் கணக்கிடுங்கள். ஒரே வகைக்குள் உள்ள ஒட்டுறவு, வெவ்வேறு வகைகளுக்கிடையே உள்ள ஒட்டுறவைத் தெளிவாக விஞ்சினால்தான் அந்த ஆளின் துலங்கல் சீரானது என்றும், அந்தத் தூண்டலுக்கே உரியது என்றும் சொல்லலாம்.

இரண்டாவது பொறி இன்னும் பழையது, இன்னும் பலரை வீழ்த்துவது. எந்த வாக்சல்கள் வலுவாகத் துலங்குகின்றன என்று முழுத் தரவையும் பார்த்துப் பொறுக்கிவிட்டு, அதே தரவில் அவற்றின் வலிமையை அளப்பது வட்டமடிக்கும் வாதம். தற்செயலாக உயர்ந்தவையும் அந்தத் தேர்வில் சேர்ந்துவிடும். 2009இல் இது குறித்துப் பெரிய விவாதமே நடந்தது. ஒற்றைப்படை ஓட்டங்களில் பொறுக்குங்கள், இரட்டைப்படை ஓட்டங்களில் அளங்கள். பிறகு மாற்றிச் செய்து இரண்டின் சராசரியை எடுங்கள்.

உங்கள் கேள்வி இரண்டாம் வகையாக, அதாவது ஆட்களை வரிசைப்படுத்துவதாக இருந்தால், உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு வேண்டும். மொத்த மாறுபாட்டில் ஆளுக்கு ஆள் உள்ள மாறுபாட்டின் பங்கு எவ்வளவு என்பதே அது. அதிலும் இரு வடிவங்கள் உண்டு: வரிசை மாறாமல் இருந்தால் போதும் என்பது ஒன்று, அளவும் மாறக்கூடாது என்பது மற்றொன்று. இரண்டாம் நாளில் எல்லோருடைய துலங்கலும் ஒரே அளவு குறைந்தால் முதல் வடிவம் அதைப் பொறுத்துக்கொள்ளும், இரண்டாவது பொறுக்காது. எதைக் கணக்கிட்டீர்கள் என்று எழுதாத அறிக்கையை ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

கணினி மாதிரி ஒன்று ஒருவரின் துலங்கலை எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்று சோதிப்பவர்கள், அந்த ஆளின் இரைச்சல் உச்சவரம்பையும் அருகிலேயே தர வேண்டும். அவருடைய தரவு தன்னோடு தானே ஒத்துப்போகும் அளவைத் தாண்டி எந்த மாதிரியாலும் கணிக்க இயலாது.

சீர்மை இருந்தும் பொருள் இல்லாதபோது

2015இல் 126 பேரின் தரவை வைத்து, மூளைப் பகுதிகளுக்கிடையிலான தொடர்பு வடிவத்தைக் கைரேகைபோல் பயன்படுத்தி, ஓய்வு நிலைப் பதிவு ஒன்றிலிருந்து மற்றொரு நாளின் பதிவுக்கு உரியவரை 90 விழுக்காட்டுக்கும் மேலான துல்லியத்தோடு அடையாளம் கண்டார்கள். அருமையான முடிவு, ஆனால் ஆளை அடையாளம் காட்டும் வடிவம் அவருடைய நினைவாற்றலையோ நோயையோ காட்டியே தீரும் என்று அதிலிருந்து வராது. தலையை எவ்வளவு அசைக்கிறோம் என்பதுகூட ஆளுக்கு ஆள் நிலையாக வேறுபடும் இயல்புதான். ஆகவே நீங்கள் கண்ட சீர்மையை அசைவின் அளவோடும், மூளையின் வடிவ வேறுபாட்டோடும், முடிந்தால் மூச்சடக்கும் சோதனையின் விளைவோடும் ஒப்பிட்டு, அவற்றைக் கணக்கில் சேர்த்த பிறகும் எஞ்சுகிறதா என்று பாருங்கள்.

அறிக்கையில் சராசரிப் படத்தோடு நிறுத்தாமல், ஒவ்வோர் ஆளின் படத்தையும் இரண்டு பாதிகளாக அருகருகே அச்சிடுங்கள். ஒவ்வொருவரிடமும் பயன்படுத்திய நிமிடங்கள், அசைவால் நீக்கிய நிமிடங்கள், அமர்வுகளுக்கிடையே இருந்த நாள்கள், நம்பகத்தன்மை எண், அதன் பிழை எல்லை ஆகியவற்றை ஆள்வாரியாக ஓர் அட்டவணையில் கொடுங்கள். துலங்கல் சீராக வராத ஆள்களை அட்டவணையிலிருந்து நீக்க வேண்டாம். 15 பேரில் 12 பேரிடம் கிடைத்தது என்றால், கிடைக்காத அந்த மூவரின் வரிசைகளும் அங்கே இருக்க வேண்டும்.